அத்தை கலைத்த கூறு

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில், கரண்டிகள் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து ஆணியில், ஒரு பழைய பறி போன ஞாயிறுவரை தொங்கிக்கொண்டிருந்தது. பனை ஓலையில் முடைந்த பை. ஏரியில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். கையில் அகப்பட்டதை முகவாய்க்குக் கீழே தொங்கும் அந்தப் பைக்குள் போடுவார்கள். எங்கள் வீட்டுப் பறியின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஓலை நசுங்கிக் கறுத்து, பிறைபோல உள்வாங்கியிருக்கிறது. என் அத்தையின் பல் பதிந்த இடம் அது. அத்தை என் நைனாவுக்குத் தங்கை. போன மாதம் என் மகளுக்கு வேலை போனதிலிருந்து, சமைக்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பல் தடத்தில் போய் நின்றது. மகளுக்கு ஏன் வேலை போனது என்று சொல்வதற்கு முன்னால் அத்தையைச் சொல்லிவிட வேண்டும்.

பறியைக் கடித்திருக்கும்வரை பேச முடியாது. பழவேற்காட்டு ஏரியில் மார்பளவு தண்ணீரில் வரிசையாகக் குந்தி நகரும் பெண்களைப் பார்த்து, படகில் போகிற வலைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். “இன்னா யக்கா, இன்னிக்கு வாய்க்குப் பூட்டா?” என்று ஒருவன் கேட்டால் மற்றவன் சிரிப்பான். மற்ற பெண்கள் அதை அங்கேயே விட்டுவிடுவார்கள். அத்தை விடமாட்டாள். எவன் எதைச் சொன்னான் என்பதை நெஞ்சுக்குள் வைத்திருந்து, கரையேறிப் பறியை இறக்கி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒவ்வொருவனாகக் கூப்பிடுவாள். “காலைல பூட்டுன்னு சொன்னவன் எவன்டா? கிட்ட வா, சாவி தர்றேன்.” அந்த நேரத்தில் அவள் குரல் எட்டாத இடமாகப் பார்த்துப் படகு கட்டுவார்கள்.

என்னை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், சேற்றில் இறங்குவதில்லை. என் நைனா பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை பார்த்ததால் எனக்கு அந்தச் சலுகை கிடைத்திருந்தது. “தொரசாணிக்குக் கால் நனையக் கூடாது. செத்தா டச்சுக்காரன் கல்லறைல கல்லு வெச்சுப் பொதைக்கணும்டி உன்ன” என்பாள். பழவேற்காட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லறை வெறும் குறுக்குவழி. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். உள்ளே கவர்னர்களும் வியாபாரிகளும் அவர்களுடைய மனைவிமார்களும், பூவேலை செய்து எழுத்து வெட்டிய பெரிய பெரிய கற்களுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். அதே காலத்தில் அவர்களுக்குத் துணி நெய்தவனும், மூட்டை ஏற்றியவனும், படகு தள்ளியவனும் செத்துத்தான் இருப்பார்கள். அவர்கள் பேரில் ஒரு செங்கல்கூட இல்லை. ஒரு முறை அந்த வழியாகப் போகும்போது அத்தை சொன்னாள்: “உள்ள படுத்துக்கினு கீறவங்க தொரைங்க. வாசல்ல நிக்குதே ரெண்டு எலும்புக்கூடு, அதான்டி நாம. செத்தப்புறமும் வாட்ச்மேன் வேலைக்கு வெச்சிருக்கானுங்க.” பிற்பாடு கல்லூரியில், மேலே இருக்கிற சிலருக்கும் மற்ற எல்லாருக்கும் நடுவில் உள்ள வருமான வித்தியாசத்தை எப்படி அளப்பது என்று பேராசிரியர் கரும்பலகையில் கோடு வரைந்தபோது, எனக்கு அந்த வாசல்தான் தெரிந்தது.

அத்தை செய்ததைச் சொல்கிறேன். நான் பன்னிரண்டாவது படித்த அந்த ஆண்டு முகத்துவாரம் அடைபட்டுவிட்டது. ஏரி கடலைத் தொடுகிற வாய் மணல் மேடிட்டு மூடிக்கொண்டால், உப்புத்தண்ணீரும் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. கைக்கு அகப்படுவது நாளுக்கு நாள் குறைந்தது. அரசாங்கம் அரிசியும் கொஞ்சம் பணமும் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் இல்லை. ஒரு ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சராசரி வருமானம் பார்ப்பார்கள். அது ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஊருக்கு நிவாரணம். எங்கள் ஊரில் கையால் பிடிக்கிறவர்களின் தெரு ஒன்று. படகும் வலையும் வைத்திருப்பவர்களின் தெரு இன்னொன்று; அதன் முனையில், எல்லாருக்கும் முன்பணம் கொடுத்து, அவர்கள் இறாலை வாங்கி ஏற்றி அனுப்புகிற முதலாளியின் மாடி வீடு. காகிதத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே ஊர்.

கணக்கெடுக்க வந்தவர் கெட்டவர் அல்ல. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் சந்துகளில் இரண்டு நாள் நடந்தவர். “நீங்க வாயால சொல்றத எழுதினா மேல நம்பமாட்டாங்கம்மா. கண்ணால பார்த்தேன்னு எழுதணும்” என்றார். ஒரு நாள் பிடித்ததை யாரும் உடனே விற்றுவிடாமல், குடும்பம் குடும்பமாகக் கரையில் தனித்தனியாக வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, என்ன விலை போகும் என்று கேட்டு எழுதிக்கொள்வார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அது எப்படிக் கெட்டுப்போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இறாலைக் கரையில் வை என்றால், எங்கள் பெண்களின் கை தானாகவே கூறு கட்டும். அடியில் ஒரு பிடி ஏரிப்பாசி. அதன்மேல் பொடி இறால். வெளிப்பக்கம் சுற்றிலும் பெரிய இறாலாகத் தேர்ந்து, தலை வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி, கூம்பாக நிமிர்த்தி, தண்ணீர் தெளித்துவிடுவார்கள். வெயிலில் மினுங்கும். வாங்க வருகிறவர்களின் கண்ணுக்காகக் காலம் காலமாகச் செய்வது அது. அன்றைக்கு வந்தவர் வாங்க வரவில்லை என்று கைகளுக்குத் தெரியவில்லை. விலையும் அப்படித்தான். “எவ்வளவு போகும்?” என்று யார் கேட்டாலும் எங்கள் வாயில் முதல் விலைதான் வரும். பாதியாகக் குறைத்துக் கேட்பார்கள் என்று தெரிந்து சொல்கிற விலை. அந்த விலைக்கு யாரும் எதையும் விற்றதே கிடையாது. அவர் குறைத்துக் கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

அத்தையின் கூறு அன்று எல்லாவற்றையும்விட உயரம். அதற்குக் காரணம் இருந்தது. அத்தை மகளைப் பெண் பார்க்கச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். பையனுக்குப் பொன்னேரியில் மெக்கானிக் கடையில் வேலை. இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாகக் கூடிவந்த சம்பந்தம். பையனின் அம்மா, கூட்டமாக இருக்கிறதே என்று கரைக்கே வந்து, புதுப் புடவையில் மணல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிகிற மாதிரி அத்தை பாசியை இரண்டு பிடியாக வைத்திருந்தாள். விலை கேட்டபோது அவள் சொன்ன தொகையைக் கேட்டு என் அம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

முதலாளியும் வந்தார். அவர் ஏரியில் இறங்குகிறவர் அல்ல. வீட்டுக் குழம்புக்கு எடுத்து வைத்திருந்ததோ என்னவோ, ஒரு கிண்ணம் இறாலைக் கொண்டுவந்து மணலில் கவிழ்த்தார். “நான் இன்னா சார் புடிக்கிறேன்? வாங்கி அனுப்பறதுல கமிஷன். ஐஸ் வெலைக்கே பத்தல. நஷ்டத்துலதான் ஓட்டறேன்.” கேட்ட கேள்விக்கு மட்டும் முதலாளி பதில் சொன்னார், அதையும் குறைத்துச் சொன்னார். அவருக்கு அந்தப் பழக்கம். எங்களுக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம். அந்தக் கரையில் அன்று அளந்த கணக்குப்படி, எங்கள் ஊரிலேயே ஏழை அவர்தான்.

வந்தவர் கால்குலேட்டரைத் தட்டினார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. “நல்ல செய்திதாம்மா. உங்க ஊர் சராசரி கோட்டுக்கு மேலதான் வருது.”

“மேலன்னா?” என்று என் அம்மா கேட்டாள்.

“நிவாரணம் தேவைப்படாதுன்னு அர்த்தம்.”

“அரிசி?”

“அரிசியும் அதுலதாம்மா வருது.”

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பையனின் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு இப்போதுதான் படிக்கத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த பறியை எடுத்துக் கீழே வைத்தாள்.

“சார், முதலாளிது எவ்ளோன்னு எழுதினே?”

“வெச்சததானேம்மா எழுத முடியும். உங்களுதுல பாதிகூட இல்ல.”

“அப்போ நான் அவருகிட்ட முன்பணம் வாங்கல. அவருதான் என்கிட்ட வாங்கிக்கினு கீறாரு, இல்ல?”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. முதலாளி விரலை நீட்டினார். “தே, வாய மூடு. நாளைக்கு எங்க கொண்டாந்து கொட்டுவ நீ?”

“நாளைக்கு நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அத்தை குனிந்து தன் கூறைக் கையால் தள்ளினாள். அவ்வளவு அழகாகக் கட்டியது சரிந்து பரவியது. உள்ளேயிருந்து பாசியை உருவிக் கணக்கெடுக்க வந்தவர் காலடியில் போட்டாள். “மோந்து பாரு சார். பாசி. நான் சொன்ன வெலயும் பாசிதான். அது நாங்க கேக்கற வெல. குடுக்கற வெல அவருது. நேத்து அவரு குடுத்தது இதுல கால்வாசி தேறாது.” பிறகு, மணலில் கிடந்ததில் ஒரு கைப்பிடியை ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டு கையாலும் வாரி முந்தானையில் போட்டுக்கொண்டு நடந்து போய், முதலாளியின் கிண்ணம் இறால்மேல் கொட்டினாள். “ஐஸுன்னு கொஞ்சம், கழிவுன்னு கொஞ்சம், முன்பணத்துக்குன்னு கொஞ்சம். இதெல்லாம் இங்கதான் வருது. இங்க வெச்சுப் பாரு.”

அடுத்து என் அம்மா போனாள். கொட்டிவிட்டு வந்து நின்றாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் யார் யார் என்று தெரியவில்லை. வரிசையாகப் போனார்கள், ஏரியில் நகர்வது போலவே. முதலாளியின் முன்னால் இருந்த குவியல் அவர் முழங்கால் வரை வந்தது. இறால் சரிந்து அவர் செருப்பின்மேல் விழ, அவர் இரண்டடி பின்னால் போனார். எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பிடி, மணல் ஒட்டி, யாரும் விலை கேட்காத மாதிரி கிடந்தது. அதைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் பாசியை அடியில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

“இப்போ சராசரி சொல்லு சார்” என்றாள் அத்தை. “அந்த அளவுக்கு எவ கூறு கீதுன்னு காட்டு. நான் அவ வூட்டுலயே போய்ச் சோறு துன்றேன்.”

அவர் கால்குலேட்டரைப் பார்த்தார். “மொத்தம் மாறலம்மா” என்று மெதுவாகச் சொன்னார். “நீங்க சொன்ன வெலய வெச்சா, எப்படி மாத்தி வெச்சாலும் சராசரி அதேதான் வரும்.” சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல அந்தக் குவியலையும் எங்கள் கைப்பிடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஏற்கெனவே எழுதியதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, பெரிய குவியலை விட்டுவிட்டு, மற்றவர்களை மட்டும் தனியாக எழுத ஆரம்பித்தார். இந்த முறை பெண்கள் முதலாளி கொடுக்கிற விலையைச் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னவர்கள் உண்டு. ஆனால் சொன்னார்கள்.

பையனின் அம்மா டீகூடக் குடிக்காமல் போனாள். “பொண்ணு நல்ல பொண்ணுதான். நாங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்” என்றாள், சொல்லவே இல்லை. அன்று மாலை அத்தை மகள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “உன் நாயத்துக்கு நான்தான் கெடச்சேனா?” கரையேறிவிட்டால் யாருக்கும் பாக்கி வைக்காத அவள், வாயில் பறி இல்லாமலும் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். அத்தை மகளுக்குக் கல்யாணம் ஆனது, ஆனால் தாமதமாக. அந்தக் கோபம் அவளுக்கு முழுதாகத் தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. முதலாளி அத்தையிடம் வாங்குவதை நிறுத்தினார். அவள் அன்னக்கூடையோடு பொன்னேரி பஸ் ஏறினாள். நாத்தம் என்று முகம் சுளித்த கண்டக்டரிடம், “உனுக்குச் சம்பளம் குடுக்கறதே இந்த நாத்தம்தான், டிக்கெட்டைக் கிழி” என்றாளாம். அரிசி எங்கள் தெருவுக்கு மட்டும் வந்தது. அதுவும் முகத்துவாரம் மறுபடி திறந்த பிறகு வந்தது. கணக்கெடுத்தவர் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்ததை மேலே யாராவது படித்தார்களா, அல்லது தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. அத்தை அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், “வந்த அரிசிய ஆக்கித் துன்னு” என்று மட்டும் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

இந்தக் கதையை நான் என் மகளுக்குச் சொன்னதே இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நான் பொன்னேரியில் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக ஒரு வேலையில் உட்காரட்டும் என்று வளர்த்தேன். அவளும் உட்கார்ந்தாள். இறாலையும் நண்டையும் உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். சேரும்போதே, சம்பளம் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போன மாதம் அந்தக் கம்பெனி கரையில் இன்னும் கொஞ்சம் இடம் கேட்டு, ஊர்க்காரர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டியது. என் மகளையும் அவளோடு வேலை செய்கிறவர்களையும் சீருடையில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு தொகை வந்தது: இங்கே வேலை செய்பவர்களின் சராசரி மாதச் சம்பளம். மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. நல்ல தொகை அது. நானே பின்வரிசையில் உட்கார்ந்து, பெண் நம்மிடம் குறைத்துச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவள் எழுந்தாள். “சார், அந்தச் சம்பளம் எங்க செக்‌ஷன்ல யாருக்கு வருது? எனக்கு வரல” என்று சொல்லி, தன் சம்பளத்தைச் சொன்னாள். “மேல ஏசி ரூம்ல இருக்கறவங்கள ஒரு பக்கம், எங்கள ஒரு பக்கம் வெச்சு, தனித்தனியா ஒரு தடவ போட்டுக் காட்டுங்க சார். அப்புறம் எடத்தப் பத்திப் பேசலாம்.” மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமல் அவள் இன்னொரு முறை அதையே சொன்னாள். மறுநாள் காலை கேட்டில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை. முகம் தெரியாத ஒருவர் பைக்கில் வந்து என் கணவரிடம், “பொண்ணப் பார்த்துக்குங்க சார், வயசுப் பொண்ணு” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் வண்டி நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். “ஊர் வேலை உனக்கெதுக்கு? நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?” என்று நான் அவளைத் திட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் என் சம்பளத்த தானேம்மா சொன்னேன்? திருடினதயா சொன்னேன்?” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலில் தரையில் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் சம்பளத்தைச் சொன்னார்கள். முதலில் சொன்ன பையன் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒரே மேசையில் ஒரே வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கு வேறு வேறு சம்பளம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. “அடிப்பாவி, நீயும் சொல்லல, நானும் சொல்லல” என்று ஒருத்தி மற்றவளை அடித்தாள். சிரித்தார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பது என்றும், மேலே இருப்பவர்களுடையதைத் தனியாகவும் தங்களுடையதைத் தனியாகவும் போடச் சொல்லிக் கேட்பது என்றும், வேலையிலிருந்து நிறுத்தியவளைத் திரும்ப எடுக்கும்வரை யாரும் பின்வாங்குவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். டீ கொண்டுபோன என்னைப் பார்த்து அந்தப் பெண்களில் ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள்: “ஆன்ட்டி, உங்களுக்கு எவ்ளோ?”

தட்டோடு நின்றுவிட்டேன். இத்தனை ஆண்டில் இந்தத் தெருவில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அத்தை மகளிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால், “பிடித்தமெல்லாம் போக என்ன வருது?” என்று முதலாளிபோலத்தான் சொல்லியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்த எவரையும்விட என்னுடையது பெரிசு. நாலைந்து பேருடையதைச் சேர்த்தாலும் எட்டாது. ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு அந்தப் பெண், “நாளைக்கு டீக்குப் பதிலா பிரியாணி ஆன்ட்டி” என்றாள். என் மகள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, அத்தை கூறு கலைத்ததை அவளுக்குச் சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு ஆணியிலிருந்து பறியை எடுத்தாள். பிறந்ததிலிருந்து அந்தச் சுவரில் பார்க்கிற பொருளை அன்றைக்குத்தான் கையில் வாங்கினாள். நசுங்கிய இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். “எவ்ளோ இறுக்கிக் கடிச்சிருக்காங்கம்மா” என்றாள்.

இப்போது ஆணி காலியாக இருக்கிறது. பறி என் கைப்பையில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போக, திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. இன்று காலையும் வண்டிச் சத்தத்துக்கு அடுப்பை அணைத்தேன். ஆனால் மனுவில் மகள் பேருக்குக் கீழே என் பேரும் இருக்கிறது. அங்கே என்னிடம் யாராவது கேட்டால் என் சம்பளத்தையும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.